ஆட்டக்ஸ் பள்ளியின் வெற்றியை அதன் வரலாற்றிலிருந்து பிரிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பள்ளி விளையாட்டைப் பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இண்டியானா மாநிலத்தின் மைலன் என்ற சிற்றூர்ப் பள்ளி 1954இல் 32க்கு 30 என்ற புள்ளிக்கணக்கில் மாநிலக் கூடைப்பந்துப் பட்டத்தை வென்ற கதையைக் கட்டுரையாளர் தோய்ந்து எழுதியிருக்கிறார். ஆனால், மறு ஆண்டு அதே பட்டத்தை வென்ற இண்டியானாபோலிஸ் நகரத்துக் கிரிஸ்பஸ் ஆட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளிக்கு இரண்டு வரி மட்டும் ஒதுக்கி, அந்த வெற்றி நகரத்தின் நிறப் பாகுபாட்டைத் துடைத்துவிட்டது என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தப் பள்ளி ஏன் கட்டப்பட்டது என்பதைச் சொல்லாமல் அது வென்றதை மட்டும் சொன்னால் வெற்றியின் பொருளே திரிந்துவிடும்.

1920களின் தொடக்கம் வரை இண்டியானாபோலிஸில் கறுப்பின மாணவர்கள் ஷார்ட்ரிட்ஜ், ஆர்சனல் டெக் போன்ற அரசு உயர்நிலைப் பள்ளிகளில் வெள்ளை மாணவர்களோடு ஒன்றாகவே படித்தார்கள். வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளான் அம்மாநிலத்தில் செல்வாக்கின் உச்சியில் இருந்த அந்த ஆண்டுகளில், நகரக் கல்வி வாரியம் கறுப்பின மாணவர்களைப் பிரித்து வைப்பதற்கென்றே தனிப் பள்ளி கட்டத் தீர்மானித்தது. கறுப்பின மக்கள் எதிர்த்தும் பயனில்லாமல் 1927இல் பள்ளி திறக்கப்பட்டது. அதற்கு முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனின் பெயரைச் சூட்டவே வாரியம் முதலில் எண்ணியிருந்தது. அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவரின் பெயர் தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கு வேண்டாம் என்று போராடி, 1770இல் பாஸ்டனில் ஆங்கிலேயப் படையினரின் குண்டுக்குப் பலியான கறுப்பினத்தவர் கிரிஸ்பஸ் ஆட்டக்ஸின் பெயரை மக்கள் பெற்றார்கள். அப்பள்ளியின் முதல் வெற்றி அதுதான் என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது வெற்றி வகுப்பறையில் கிடைத்தது. கறுப்பின அறிஞர்களைப் பல்கலைக்கழகங்கள் பணியில் சேர்க்க மறுத்த காலம் அது. அதனால் கல்லூரியில் பாடம் நடத்தியிருக்க வேண்டிய முதுகலைப் பட்டதாரிகளும் முனைவர்களும் ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர்களாக வந்து சேர்ந்தார்கள். 1930 முதல் 1957 வரை தலைமையாசிரியராக இருந்த ரஸல் லேன் சட்டப் பட்டம் பெற்றவர். ஜாஸ் இசையில் டிராம்போன் என்னும் ஊதுகருவி வாசிப்பின் போக்கையே மாற்றிய ஜே. ஜே. ஜான்சனும், பின்னாளில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஜாஸ் கல்வியை நிறுவிய டேவிட் பேக்கரும், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான ஜூலியா கார்சனும் இங்கே படித்தவர்கள். ஒதுக்கி வைக்கக் கட்டிய கட்டடத்தை இப்படியொரு கல்விக்கூடமாக ஆக்கிக் காட்டியவர்கள் அந்த ஆசிரியர்கள். விளையாட்டைப் பற்றி எழுதுவோர் அவர்களை மறந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். மாநில உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 1942 வரை ஆட்டக்ஸை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. கறுப்பின மாணவர்கள் மட்டுமே படிப்பதால் அது அனைவருக்கும் உரிய பொதுப் பள்ளி ஆகாது என்று காரணம் சொன்னார்கள். வேறு எங்கும் சேரவிடாமல் அம்மாணவர்களை அங்கே அடைத்தது அரசே என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தக் காரணத்தின் கொடுமை விளங்கும். போட்டி நடத்தும் அளவுக்குப் பள்ளியின் உள்ளரங்கமும் பெரிதாக இல்லை. பிற்காலத்தில் தங்கள் சொந்தக் களத்து ஆட்டங்களைக்கூட பட்லர் பல்கலைக்கழகத்தின் அரங்கில்தான் ஆடினார்கள். 1950இல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ரே க்ரோ, நடுவர்கள் நடுநிலையோடு இருப்பார்கள் என்று நம்பியிருக்காமல் தொடக்கத்திலேயே புள்ளிகளைக் குவித்துவிட வேண்டும், எந்தத் தீர்ப்பையும் எதிர்த்து வாய் திறக்கக் கூடாது என்று தம் பிள்ளைகளைப் பழக்கினார். 1954இல் மைலன் அணி பட்டத்தை நோக்கிச் சென்ற வழியில் தோற்கடித்த அணிகளுள் ஆட்டக்ஸும் ஒன்று. அன்று தோற்றவர்களில் ஓர் இளம் வீரர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஆஸ்கர் ராபர்ட்சன். கட்டுரை இதைச் சொல்லவில்லை.

1955இல் கேரி நகரின் ரூஸ்வெல்ட் பள்ளியை 97க்கு 74 என்று வீழ்த்தி ஆட்டக்ஸ் பட்டம் வென்றது. எல்லாப் பள்ளிகளும் பங்கேற்கும் மாநிலப் போட்டி ஒன்றில் கறுப்பின மாணவர் பள்ளி வென்றது அமெரிக்காவிலேயே அதுதான் முதல் முறை. 1911இல் தொடங்கிய அந்தப் போட்டியில் இண்டியானாபோலிஸ் நகரப் பள்ளி ஒன்று வென்றதும் அதுவே முதல் முறை. நாற்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்த நகரம் தன் பிள்ளைகளை எப்படி வரவேற்றது? வீரர்களைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி, நகர நடுவிலுள்ள நினைவுச்சின்ன வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றவைத்து, அங்கே நிற்கக்கூட விடாமல் கறுப்பினத்தவர் வாழும் பகுதியிலுள்ள பூங்காவுக்கு அனுப்பிவிட்டது. அங்கே தீ மூட்டிக் கொண்டாடிக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ராபர்ட்சன் பாதியிலேயே விலகித் தம் தந்தையின் வீட்டுக்குப் போய்விட்டார். மறு ஆண்டு ஒரு போட்டியிலும் தோற்காமல் இரண்டாவது பட்டத்தையும் பெற்றுத் தந்தவர் அவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியிலும் ஆடியவர்.

வெற்றிக்குப் பிறகு நகரின் மற்றப் பள்ளிகள் கறுப்பின வீரர்களைத் தேடத் தொடங்கின என்பது உண்மைதான். நன்றாகப் பந்தாடும் சிலரை விரும்பி அழைப்பது வேறு, எல்லாப் பிள்ளைகளையும் சமமாகச் சேர்த்துக்கொள்வது வேறு. பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்க மாநிலம் சட்டம் இயற்றியது 1949இல். ஆனாலும் கூட்டாட்சி அரசு வழக்குத் தொடுத்து, 1971இல் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை ஆட்டக்ஸ் கறுப்பின மாணவர்களின் பள்ளியாகவே நீடித்தது. 1986இல் அது உயர்நிலைப் பள்ளி என்ற தகுதியையும் இழந்து, 2006இல்தான் திரும்பப் பெற்றது. 2017இல் மீண்டும் ஒரு மாநிலப் பட்டம் வென்றது.

1955ஆம் ஆண்டு அணியில் எஞ்சியிருந்தோரை நகரின் பெரிய விழா ஊர்வலத்துக்குத் தலைமை தாங்க அழைத்தது 2015இல், அறுபது ஆண்டுகள் கழித்து. பட்டம் பாகுபாட்டைத் துடைத்துவிட்டது என்ற வரியை இந்த ஆண்டுகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்குமாறு கட்டுரையாளரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பள்ளியைப் பற்றி, அதன் ஆசிரியர்களையும் உட்படுத்தி, தனிக் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்