பெண் கழுத்தை வைத்தும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்

ஒரகடத்திலும் மறைமலைநகரிலும் கணினி முன் உட்கார்ந்து கார் மோதல் சிமுலேஷன் ஓட்டும் பொறியாளர்களுக்கு, வணக்கம்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிக்னலில் நின்றிருந்த எங்கள் காரைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்தது. பெரிய வேகமில்லை, பம்பர் மட்டும் நசுங்கியது. ஓட்டிய என் கணவர் மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த எனக்கு இன்றும் கழுத்தைத் திருப்பினால் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். அப்புறம்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

பின்னாலிருந்து இடி விழும்போது இருக்கை முதுகை முன்னே தள்ளுகிறது. தலையோ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட கழுத்தின் ஏழு எலும்புகளும் ஒரு கணம் எஸ் போல நெளிகின்றன. கீழ்க்கழுத்து பின்னுக்கும் மேல்கழுத்து முன்னுக்கும் வளைகிறது. தலை ஹெட்ரெஸ்டைத் தொடுவதற்கு முன்பே இது நடந்துவிடுகிறது. எலும்பு உடையாமலே மூட்டும் தசைநாரும் அடிபடலாம். உங்களுக்கு இது அன்றாடப் பாடம். எனக்கோ, வலிக்குக் காரணம் உண்டு என்று முதன்முதலில் தெரிந்த இடம்.

பின்மோதல் சோதனைக்கென்றே ஸ்வீடனில் உருவான பயோரிட் டம்மி, அதாவது மனிதருக்குப் பதில் காரில் உட்கார வைக்கும் பொம்மை, சராசரி ஆணின் உடல். ஆனால் இந்தக் காயம் பெண்களுக்கே அதிகம் என்று ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகின்றன. ஆண் கழுத்தைச் சுருக்கினால் பெண் கழுத்து வந்துவிடாது. தலை ஒரே அளவாக இருந்தாலும் எங்கள் கழுத்து மெலிந்தது, தசை பலமும் குறைவு.

புது டம்மி செய்யப் பெரும் பணம் வேண்டும், சரி. கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் மனித உடல் மாடல்கள் இருக்கின்றனவே! 162 செ.மீ., 62 கிலோ கொண்ட விவா பிளஸ் பெண் மாடலை யாரும் எடுத்துக்கொள்ளலாம். தம்ஸ் என்ற இதே போன்ற உடல் மாடல்களை டொயோட்டா 2021 ஜனவரி முதல் இலவசமாகத் தருகிறது. அதில் சுமார் 153 செ.மீ. உயரமுள்ள 'சிறிய பெண்' ஒருத்தி உண்டு. நம் நாட்டில் அதுதான் கிட்டத்தட்ட சராசரிப் பெண்ணின் உயரம்.

இருக்கையையும் ஹெட்ரெஸ்டையும் முடிவு செய்வதற்கு முன் இந்த இரண்டு பெண்களையும் உட்கார வையுங்கள். வரும் எண்களை ஆண் மாடலின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள்.

இன்னொன்று. அன்று நான் கொண்டை போட்டிருந்தேன், தலை ஹெட்ரெஸ்டில் சாயவே இல்லை. இடைவெளி கூடினால் காயமும் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாலு விரற்கடை இடைவெளியையும் கணக்கில் சேர்த்து ஓட்டுங்கள்.

அன்புடன்,
பக்கத்து இருக்கையில் இருந்தவள்