இடிக்கப்பட்ட வீடும் மிஞ்சிய படைப்புகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பெண் கலைஞர் குழுக்கள் நடத்தி, பின்னர் மறைந்துபோன கண்காட்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை ஈடுபாட்டுடன் படித்தேன். ஆனால், 1972இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பழைய வீட்டில் நடந்த ‘வுமன்ஹவுஸ்’ கண்காட்சியை ஒரே வரியில் கடந்து, வீடு இடிக்கப்பட்டதோடு அனைத்தும் மறைந்துபோயின என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஜூடி சிகாகோவும் மிரியம் ஷப்பிரோவும் நடத்திய பெண்ணியக் கலை வகுப்பின் மாணவியர், ஹாலிவுட்டில் இடிபடக் காத்திருந்த ஒரு பாழடைந்த மாளிகையில் நுழைந்து, உடைந்த சன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தி, சுவர் பூசி, வண்ணமடித்து, கணப்பு வசதிகூட இல்லாத குளிர்காலத்தில் அதை அறை அறையாகக் கலைப்படைப்பாக மாற்றினார்கள். ஜனவரி 30 முதல் பிப்ரவரி 28 வரையே அதற்கு ஆயுள். இது தெரிந்தும் அவ்வளவு உழைத்தார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மாணவியரில் ஒருவரான சாண்டி ஆர்கெலின் துணி அலமாரியைப் புகைப்படத்தில் பாருங்கள். மடித்து அடுக்கிய விரிப்புகளுக்கிடையே, தட்டுகள் உடலைக் குறுக்கே வெட்ட, ஒரு பெண்ணுருவம் நிற்கிறது. ஒரு கால் மட்டும் வெளியே அடியெடுத்து வைத்திருக்கிறது. அவள் வெளியேறுகிறாளா, மாட்டிக்கொண்டிருக்கிறாளா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சமையலறையில் கூரையிலிருந்து சுவருக்கு இறங்கும் பொரித்த முட்டைகள் மெல்ல மெல்ல மார்பகங்களாகின்றன. இன்னொரு மாணவியான ஃபெயித் வைல்டிங்கோ, தன் நிகழ்த்துகலையில், குழந்தைப் பருவம் முதல் முதுமை வரை ஒரு பெண் எதற்கெல்லாம் காத்திருக்கிறாள் என்பதை, மடியில் கைவைத்து முன்னும் பின்னும் அசைந்தபடி சொல்லிக்கொண்டே போகிறார்.

இவற்றை இன்று நாம் பேச முடிவதற்குக் காரணம், அவர்கள் அச்சிட்ட கண்காட்சிக் கையேடும், எடுத்துவைத்த புகைப்படங்களும், யோஹான்னா டெமெட்ராகாஸ் இயக்கிய ஆவணப்படமும்தாம். பதிவு செய்யப்படாத கண்காட்சிக்கே உண்மையில் மறைவு நேர்கிறது. கட்டுரை இந்த வேறுபாட்டைத் தொடவே இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. கூட்டாகச் செய்த இந்தப் பணியைப் பற்றிய எழுத்துகளில் பொதுவாக ஆசிரியைகள் இருவரின் பெயர்கள் மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. சுவர் பூசிய மாணவியர் ‘குழுவினர்’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். இனி இத்தகைய கண்காட்சிகளைப் பற்றி எழுதும்போது, எந்தப் படைப்பை யார், எந்தப் பொருளைக் கொண்டு செய்தார் என்பதையும் படத்துடன் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை