கால்களில் கடிவாளம்

அன்புள்ள சண்முகம்,

மூன்று மாதமாக நான் எழுதவில்லை. தவில் வாசிக்கிற உன் வலது கை விழுந்துவிட்ட செய்தியை உன் தம்பி சொன்ன அன்றே போனை எடுத்தேன். என்ன பேசுவதென்று தெரியாமல் வைத்துவிட்டேன். அது என் தப்பு, மன்னித்துவிடு. இங்கே மகள், மருமகன் சுகம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன சனிக்கிழமை லண்டனில் ராஜாவின் பிறந்தநாள் அணிவகுப்பு. மருமகன் விடிகாலையிலேயே கூட்டிப்போய் மால் சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டார். நின்று நின்று முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. முதலில் சத்தம்தான் வந்தது. தும், தும் என்று வயிற்றில் இறங்குகிற சத்தம். அப்புறம் குதிரை வந்தது.

சண்முகம், அது நாம் பார்த்த ஜட்கா வண்டிக் குதிரை இல்லை. ஷயர், கிளைடஸ்டேல் என்று ஏர் உழவும் பாரம் இழுக்கவும் வளர்த்த ஜாதி. தோள் உயரமே கிட்டத்தட்ட ஆறடி. கருப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக உடம்பு, குளம்பை மூடித் தொங்குகிற வெள்ளை மயிர். கழுத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளியிலேயே செய்த முரசுகள். அரண்மனைக் குதிரைப் படையின் ஒரு ரெஜிமெண்டுக்கு 1805-ல் ராஜா மூன்றாம் ஜார்ஜ் கொடுத்தது ஒரு ஜோடி, இன்னொன்றுக்கு 1831-ல் நான்காம் வில்லியம் கொடுத்தது மற்றொரு ஜோடி. அவ்வளவு வெள்ளியையும் மேலே ஓர் ஆளையும் சுமக்க இப்படி ஒரு மலை வேண்டும்தானே!

நீயும் நானும் கோயில் ஊர்வலத்தில் முரசு சுமந்து வருகிற டங்கா மாட்டுக்குப் பின்னாலேயே மதுரை மாசி வீதி முழுக்க ஓடினவர்கள். மாட்டின் மேல் உட்கார்ந்து அடிக்கிற பையனைப் பார்த்து நீ பொறாமைப்பட்டு அழுதது எனக்கு மறக்கவில்லை. இங்கேயும் அது பழைய ஆசைதான்; இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி 1542-லேயே வியன்னாவுக்கு ஆள் அனுப்பி, குதிரை மேல் வைத்து அடிக்கிற முரசு கேட்டிருக்கிறார். துருக்கிப் படைகளிடமிருந்து ஐரோப்பாவுக்குப் போன பழக்கம் அது. நம் ஊர் நகரா முரசும் அதே வம்சம்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த முரசுக்காரரைப் பற்றி. தங்க ஜரிகை அங்கி, இரண்டு கையிலும் கோல். அப்படியானால் கடிவாளம் யார் கையில்? குனிந்து பார்த்தேன். வார் அவருடைய கால்களோடு சேர்த்துக் கட்டியிருந்தது! கைகள் முழுக்கத் தாளத்துக்கு, கால்கள் குதிரைக்கு. அந்தக் குதிரையின் காதைப் பார்த்தேன். ஒரு காது கூட்டத்தின் பக்கம், இன்னொன்று பின்னால் திரும்பி அவர் பக்கமே. காதுக்குப் பக்கத்திலேயே இடி விழுகிறது, அது அசையவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கித்தான் இந்த நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். அந்த இடத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

தவிலை விற்கப்போகிறாயாமே. தம்பி அதையும் சொன்னான்.

விற்காதே, சண்முகம். தவிலின் வலது பக்கத்துக்கு, அந்த வலந்தலைக்கு, கை எழும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் உன் இடது கையில், இடது பக்கத்தை அடிக்கிற தொப்பிக் குச்சி இன்னும் நிற்கிறதே. எத்தனை பையன்களுக்கு நீ வாயால் சொற்கட்டு சொல்லியே பாடம் நடத்தியிருக்கிறாய்! ஆற்று மணலில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டு என்னை விரட்டி விரட்டிச் சொல்ல வைத்தாயே, அன்றைக்கு நம்மிடம் தவிலா இருந்தது? அந்தப் பையன்களைத் திரும்ப வரச் சொல். கைக்குப் பயிற்சி கொடுக்கிறவரிடம் ஒரு நாள் விடாமல் போ. வண்டிச் செலவை நான் அனுப்புகிறேன், சண்டை போடாமல் வாங்கிக்கொள்.

ஆவணியில் ஊருக்கு வருகிறேன். தவில் உன் வீட்டுக் கூடத்தில் அதே மூலையில் இருக்க வேண்டும், உறை மேல் தூசி இல்லாமல்.

உன்,
ராமு