நடைபாதையின் உயரத்தைக் குறைக்கக் கோரி நான்காம் மனு

அனுப்புநர்:
மார்க்கெட் சாலை மூத்த குடிமக்கள்

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்,
மாநகராட்சி மண்டல அலுவலகம்

பொருள்: பேருந்து நிறுத்தம் முதல் ரேஷன் கடை வரை உள்ள நடைபாதையைத் தாழ்த்திச் சீரமைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் அறிந்த சாலைதான். பேருந்து நிறுத்தமுள்ள பூக்கடை முனையில் தொடங்கி ரேஷன் கடை வாசலில் முடியும் சுமார் 200 மீட்டர். வங்கி, மருந்துக்கடை, ரத்தப் பரிசோதனை நிலையம் என்று அறுபதைத் தாண்டியவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஒரே வரிசையில் இருக்கிறது. வயதானவர்கள் குடியிருக்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது, நடக்க மட்டும் முடிந்தால்.

1. டேப் வைத்து அளந்தோம். சாலையிலிருந்து நடைபாதையின் உயரம் வங்கி வாசலில் 31 செ.மீ., மருந்துக்கடை முன் 28, பேருந்து நிறுத்தத்தில் 34. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல் (ஐ.ஆர்.சி. 103) 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்கிறது. இங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதாவது, கைப்பிடி இல்லாமல் இரண்டு மாடிப்படிகளை ஒரே எட்டில் ஏற வேண்டும். மூட்டு தேய்ந்தவர்கள் எதையாவது பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள். அங்கே பிடிக்க இருப்பது கரண்ட் பெட்டி ஒன்றுதான். மழை நாளில் அதைத் தொடலாமா, ஐயா?

இறங்குவது இதைவிட மோசம். உடம்பின் எடை முழுவதும் மடங்கிய ஒரே முழங்காலில் இறங்குகிறது. இரட்டைப் பார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. அதன் வழியே காலடியைப் பார்த்தால் விளிம்பு கலங்கித்தான் தெரியும். விளிம்பில் ஒரு மஞ்சள் கோடுகூட இல்லை.

2. இப்படி ஆனதற்குக் காரணம் தெரிந்ததே. சாலை போடப் போட மேலே வரும் என்ற கணக்கில் நடைபாதையாகவும் பயன்படும் மழைநீர் வடிகாலின் மூடியை உயர்த்திக் கட்டினார்கள். பழைய தாரைச் சுரண்டிவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவுறுத்தியது. நல்ல முடிவு, சாலை உயரவில்லை. நடைபாதைதான் திண்ணை மாதிரி நின்றுவிட்டது.

3. இரண்டாம் மனுவுக்குப் பிறகு மருந்துக்கடை முன் ஒரு சரிவு போட்டார்கள். நன்றி. ஆனால் 28 செ.மீ. உயரத்துக்கு 60 செ.மீ. நீளத்தில்! ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி. அந்தக் கணக்கில் 336 செ.மீ. வேண்டும். அவ்வளவு நீளத்தைச் சாலைக்குள் நீட்ட முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் சரிவைக் கேட்காமல் உயரத்தைக் குறைக்கச் சொல்கிறோம். போட்ட சரிவும் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் வாயை அடைத்தது. தண்ணீர் தேங்கியதும் வந்து பாதியை உடைத்தார்கள். மீதிப் பாதியில் வழவழ டைல்ஸ். குழந்தைகள் சறுக்கி விளையாடத்தான் அது லாயக்கு.

4. வாசலுக்கு வாசல் கார் ஏற நடைபாதையை வெட்டியிருக்கிறார்கள். 200 மீட்டரில் 14 ஏற்ற இறக்கம். நடைபாதை ஒரே மட்டத்தில் ஓட, கார்தானே ஏறி இறங்க வேண்டும்? இங்கே எல்லாம் தலைகீழ். கடைசியில் முதியவர்கள் சாலையிலேயே நடக்கிறார்கள், பின்னாலிருந்து வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.

5. சிக்னல்: சாலை அகலம் 15 மீட்டர், கடக்கக் கிடைப்பது 12 விநாடி. விநாடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 19 விநாடி ஆகும். காவல்துறைக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுதினால் போதும்.

6. கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் என்ன செய்வார்கள்? சாவி யாரிடம்?

செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். மூடிப் பலகைகளைக் கழற்றி, வடிகாலின் பக்கச் சுவர்களை மேலிருந்து அறுத்து, 15 செ.மீ. மட்டத்தில் பலகைகளைத் திரும்பப் பதிக்க வேண்டும். வடிகாலின் ஆழம் குறையுமே என்பார்கள். ஒழுங்காகத் தூர் வாரினால் அதைவிட அதிக ஆழம் கிடைக்கும். பேவர் கல்லுக்கு அடியில் மண்ணை நன்றாக இறுக்காவிட்டால் ஒரே மழையில் கல் ஆடும். ஆடும் கல்லுக்கு உயரமான படியே தேவலாம். பைக் ஏறாமலிருக்க நடும் கம்பிகளுக்கு இடையே 90 செ.மீ. இருக்கட்டும், சக்கர நாற்காலி நுழைய வேண்டும். அதில் பைக்கும் நுழையும்தான். அதற்கு அபராதம் போடுங்கள்.

முதியோருக்கு ஏற்ற நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று 2007-இல் உலக சுகாதார நிறுவனம் எட்டுத் தலைப்புகளில் வழிகாட்டி வெளியிட்டது. எட்டையும் நாங்கள் கேட்கவில்லை. 200 மீட்டர் கேட்கிறோம். அதுவும் முடியாதென்றால், பேருந்து நிறுத்தத்திலும் வங்கி வாசலிலும் மட்டுமாவது முதலில் இறக்கிக் கொடுங்கள்.

மூன்று மனுக்களுக்கும் "புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. எதை முடித்தார்கள்? புகாரை முடிக்கும் முன் எங்களோடு நடந்து பார்க்க யாரும் வரவேயில்லை. தயவுசெய்து தாங்கள் நேரில் வாருங்கள், ஐயா. வண்டியைப் பூக்கடை முனையில் நிறுத்திவிட்டு, கையில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு ரேஷன் கடை வரை நடைபாதையை விட்டு இறங்காமல் நடந்து பாருங்கள். டேப்பை நாங்கள் எடுத்து வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மார்க்கெட் சாலை மூத்த குடிமக்கள்