குடிலுக்கும் தேதி உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ் இணைப்பில் வந்த வீட்டு அலங்காரக் குறிப்புகள் பார்வைக்கு நன்றாக இருந்தன. ஆனால் எதை எந்த நாளில் வைப்பது, எப்போது எடுப்பது என்பது அதில் இல்லை. இயேசு பிறப்பைக் காட்டும் குடிலின் பொருளே அந்த வரிசையில்தான் இருக்கிறது.

டிசம்பர் முதல் வாரமே வந்த உங்கள் படத்தில் குழந்தை இயேசு தொட்டியில் படுத்திருக்கிறார். இடையர்களோடு, விண்மீனைப் பார்த்துக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளும் மண்டியிட்டாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக்காலம் காத்திருக்கும் காலம். 24-ஆம் தேதி இரவுத் திருப்பலி (பூசை) வரை தீவனத் தொட்டியில் வைக்கோல் மட்டுமே இருக்க வேண்டும். குடில் வழக்கத்துக்கு முன்னோடியாக 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசியின் புனித பிரான்சிஸ் ஏற்பாடு செய்ததும் தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை அவ்வளவுதான். அந்தத் தொட்டியின் மேல்தான் திருப்பலி நடந்தது. மாடும் கழுதையும் லூக்கா நற்செய்தியில் இல்லை. மாட்டுக்குத் தன் உடைமையாளனைத் தெரிகிறது, கழுதைக்குத் தீனி வைக்கும் இடம் தெரிகிறது, என் மக்களுக்குத்தான் என்னைத் தெரியவில்லை என்று ஆண்டவர் வருந்தும் எசாயா 1:3-இலிருந்து வந்தவை அவை. இடம் போதவில்லை என்று கழுதையைத் தூக்கிவிட்டுப் பனிமனிதனை நிறுத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மலிவான பிளாஸ்டர் செட்டுகளில் குழந்தையையும் தொட்டியையும் ஒரே அச்சில் வார்த்திருப்பார்கள். தனியே எடுக்க வராது. வாங்கும்போதே பாருங்கள். ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால், அதை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டு, 24 வரை சின்ன மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு வைத்தால் போதும்.

குடிலுக்குக் கேழ்வரகுப் புல் வளர்ப்பவர்கள் 14, 15 தேதிவாக்கில் விதைக்கலாம். இரவு முழுக்க ஊறவைத்து, ஓரங்குல மண் பரப்பிய தட்டில் நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு ஈரச் சாக்கால் மூட வேண்டும். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்து வெளிச்சத்தில் வைக்காவிட்டால் வெளுத்துச் சாய்ந்துவிடும். தண்ணீரைத் தெளிக்க வேண்டும்; ஊற்றினால் வேர் அழுகும்.

ஞானிகளின் கதை வேறு. அவர்கள் குழந்தையைக் கண்டது வீட்டில் என்கிறது மத்தேயு 2:11. எத்தனை பேர் என்றும் அங்கே இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் எனக் காணிக்கை மூன்று என்பதால் மூவராக்கிக்கொண்டோம். எனவே 24-ஆம் தேதி அவர்களை அறையின் கிழக்கு மூலையில் நிறுத்தி, தினமும் கொஞ்சம் நகர்த்தி, அவர்கள் குழந்தையைக் கண்டதை நினைவுகூரும் திருக்காட்சி விழாவன்று குடிலுக்குக் கொண்டுவருவதுதான் பொருத்தம். விழா ஜனவரி 6. இந்தியாவில் இலத்தீன் வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கத்தோலிக்கர் ஜனவரி 2 முதல் 8-க்குள் வரும் ஞாயிறன்று கொண்டாடுகிறோம். குழந்தைகள் உள்ள வீட்டில் ஒட்டகத்தை நகர்த்த ஆள் தேட வேண்டியதில்லை.

வாசலில் தொங்கும் ஸ்டார் இந்த ஞானிகளுக்கு வழிகாட்டியது. அவர்கள் குடிலுக்கு வந்து சேருமுன், புத்தாண்டுக்கு மறுநாளே அதை இறக்குவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. காகித ஸ்டாருக்குள் 60 வாட் குண்டு பல்பு போட்டால் காகிதம் கருகும். 5 வாட் எல்இடி தாராளம். ஒயர் வழியே மழைத் தண்ணீர் ஹோல்டருக்குள் இறங்கும் என்பதால் கூரைக்கு வெளியே தொங்கவிடக் கூடாது.

ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுதிரிகளை இலைதழை நடுவே வைக்கும் திருவருகை வளையத்துக்கு ஒரு குறிப்பு: ரோஸ் நிற மெழுகுதிரி மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. கடைசி வாரத்துக்கென்று பலர் எடுத்து வைத்துவிடுகிறார்கள். முதல் திரி நான்கு வாரமும் எரிவதால், உயரம் குறைந்த திரியை அங்கே வைத்தால் கிறிஸ்துமஸுக்கு முன்பே இலையைத் தொட்டு எரியும். சவுக்குத் தழை காய்ந்தால் சட்டென்று பற்றிக்கொள்ளும். ஞாயிறுதோறும் மாற்றிவிடுவது நல்லது.

குடிலைக் கலைப்பது, திருக்காட்சியை அடுத்து வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா முடிந்த பிறகுதான். கிறிஸ்துமஸ் காலம் அன்றுதான் நிறைவடைகிறது. அடுத்த ஆண்டு இணைப்பில் படத்தோடு இந்தத் தேதிகளையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை