2034 குளிர்கால ஒலிம்பிக்கில் நாய்களோடு ஓடும் பெண்களுக்கும் இடம் கொடுங்கள்

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் கிறிஸ்டி கோவென்ட்ரி அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மல்லாந்து நீச்சலில் நீங்கள் தங்கம் வென்றீர்கள். அங்கேயே மவுண்டன் பைக் பந்தயத்தில் தங்கம் வென்றவர் நார்வேயின் குன்-ரீட்டா டாலே. அந்தப் பந்தயம் ஒலிம்பிக்குக்கு வந்ததே 1996-இல்தான். வராமல் போயிருந்தால் சைக்கிள் பிரியர்களைத் தாண்டி அவர் பெயர் யாருக்குத் தெரிந்திருக்கும்?

நார்வேயின் சிக்ரிட் எக்ரானுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2007-இல் அலாஸ்காவின் இடிடாரோட் பந்தயத்தில், நாய்வண்டியில் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் கடந்து, அந்த வருடம் புதிதாகக் களமிறங்கியவர்களில் முதலாவதாக வந்தவர் அவர். ஆண்களும் பெண்களும் ஒன்றாகவே ஓடும் பந்தயம் அது.

அவ்வளவு நீளமான பந்தயத்தை ஒலிம்பிக்கில் நடத்த முடியாது, சரி. நான் கேட்பது ஸ்கிஜோரிங், அதாவது நாய்கள் முன்னால் இழுக்க, பனியில் ஸ்கி பலகைகள் மேல் ஓடும் பந்தயம். வீராங்கனையின் இடுப்பில் அகலமான பெல்ட், அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒன்றோ இரண்டோ நாய்கள். நாய் இழுக்கிறதே என்று சும்மா நிற்க முடியாது. ஏற்றத்தில் அவரும் ஸ்கி தடிகளை ஊன்றி மூச்சு முட்டத் தள்ளியாக வேண்டும். பனி இல்லாத மாதங்களில் இதே நாய்களை சைக்கிளில் பூட்டி ஓட்டுவார்கள். கயிறு தொய்ந்து சக்கரத்தில் சிக்காதபடி சைக்கிளின் முன்னால் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். நாய் பாயும்போது அதன் உடம்பில் வெட்டி இழுக்காதபடி கயிறு கொஞ்சம் இழுபடும். நாய்களுக்குச் சூடு ஆகாது என்பதால் குளிர்ச்சியான வேளையில்தான் பயிற்சி. இதற்கும் உலக சாம்பியன்ஷிப் உண்டு.

உங்களுக்கும் இது புதிதல்ல. 1932-இல் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் நாய்வண்டிப் பந்தயம், பதக்கப் பட்டியலில் சேராத காட்சிப் போட்டியாக நடந்தது. கனடாவின் எமில் செயின்ட் கோடார்ட் முதலிடம், நார்வேயில் பிறந்து அலாஸ்காவில் பெயர் பெற்ற லியோன்ஹார்ட் செப்பாலா இரண்டாமிடம். அப்புறம் குளிர்கால ஒலிம்பிக்கின் பதக்கப் பட்டியலில் இந்த விளையாட்டு ஏறவே இல்லை.

விலங்குகளை வதைப்பதாகுமே என்பார்கள். நியாயமான கவலை. டோக்கியோ ஒலிம்பிக்கில், குதிரையேற்றம் உட்பட ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன பென்டத்லானின்போது ஒரு பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தினார். அதன் பிறகு அந்த விளையாட்டிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டது. ஆனால் அங்கே குலுக்கலில் கிடைத்த, முன்பின் பழகாத குதிரை மேல் சில நிமிடப் பழக்கத்தோடு ஏற வேண்டியிருந்தது. இங்கே பெரும்பாலும் குட்டியிலிருந்து தாங்களே வளர்த்த நாயோடுதான் ஓடுகிறார்கள். அதன் நடை கொஞ்சம் மாறினாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் கால்நடை மருத்துவர் சோதிக்கட்டும். நாயை அடிப்பவரை அந்த இடத்திலேயே வெளியேற்றுங்கள்.

2034-இல் அமெரிக்காவின் யூட்டாவில் நடக்கவிருக்கும் குளிர்கால ஒலிம்பிக்கில் இதைச் சேருங்கள். கிராஸ் கன்ட்ரி ஸ்கி தடம் எப்படியும் போடப்படும். பெண்களுக்கு ஒரு பந்தயம், ஆண்களுக்கு ஒரு பந்தயம், இரண்டுக்கும் பதக்கம்.

இப்படிக்கு,
ஒரு விளையாட்டு ரசிகை