படிவத்தில் இல்லாத கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சினைப்பைப் புற்றுநோய் வந்த பெண்களில் மணமானவர்கள் மற்றவர்களைவிட அதிக காலம் உயிர்வாழ்கிறார்கள் என்று தங்கள் இதழின் சென்ற வார மருத்துவக் கட்டுரை தெரிவித்திருந்தது. தகவலில் பிழை இல்லை. ஆனால், திருமணமே செய்துகொள்ளாத என் சித்திக்கு இந்த நோய் வந்தபோது நான்கு ஆண்டுகள் அவருடன் மருத்துவமனைக்குப் போய்வந்தவள் நான். தனியாக வாழும் ஒரு பெண் தன் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தால் அவர் மனம் என்ன பாடுபடும் என்ற எண்ணம் என்னை விடவே இல்லை. அதனால்தான் இக்கடிதம்.

கட்டுரையாளர் கூறும் கருத்துக்கு வலுவான ஆதாரம் உண்டு. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடுகளில் 2004 முதல் 2008 வரை பதிவான 7,34,889 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, சினைப்பை உட்படப் பத்து வகைப் புற்றுநோய்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. வயது, நோயின் கட்டம், பெற்ற சிகிச்சை போன்ற வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த பிறகும், மணமானவர்கள் புற்றுநோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைவாக இருந்தது. நோய் பரவுவதற்கு முன்பே கண்டறியப்படும் வாய்ப்பும், முறையான சிகிச்சை பெறும் வாய்ப்பும் அவர்களுக்கே கூடுதலாக இருந்தன. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. திருமணத்தால் கிடைக்கும் இந்தப் பலன் பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். பெண்களுக்கு மட்டுமே வரும் ஒரு நோயைப் பற்றிய கட்டுரையில் இது விடுபட்டிருக்கக் கூடாது.

பதிவேட்டில் திருமண நிலை குறித்து இருப்பது, நோய் கண்டறியப்பட்ட நாளில் எழுதப்பட்ட ஒற்றைச் சொல். மணமாகாமலே துணையுடன் ஒரே வீட்டில் வாழ்பவர் அதில் தனியர். மூன்றாவது கீமோவுக்கு (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) பிறகு கணவர் பிரிந்து போய்விட்ட பெண், அதில் கடைசிவரை மணமானவர். இந்தப் பிரிவு நடக்காத ஒன்றும் அன்று. மூளைக் கட்டி, பிற புற்றுநோய்கள், கடுமையான நரம்பு நோய் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட 515 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நோயாளி ஆணாக இருந்தபோது பிரிவோ மணமுறிவோ நேர்ந்தது 2.9 சதவீதம், நோயாளி பெண்ணாக இருந்தபோது 20.8 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் முதன்முதலில் படித்த அன்று எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

இந்த இடத்தில் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். "காலாகாலத்தில் கல்யாணம் செய்திருந்தால் இது வந்திருக்காது" என்று என் சித்தியின் முகத்துக்கு நேராகவே உறவினர் ஒருவர் சொன்னார். கருத்தரிப்பும் கருத்தடை மாத்திரையும் சினைமுட்டை வெளியாகும் மாதங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதால் இந்நோய் வரும் அபாயம் குறைகிறது என்பது உண்மை. அது நோய் வருவதைப் பற்றியது. வந்த பிறகு எவ்வளவு காலம் வாழ்கிறோம் என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, நோயுற்ற பெண்ணின் தலையில் பழியைச் சுமத்துவதைத் தங்கள் இதழ் போன்றவை வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும்.

அப்படியானால் மணமானவர்களுக்குக் கிடைப்பதுதான் என்ன? சினைப்பைப் புற்றுநோயின் அறிகுறிகளை எண்ணிப் பாருங்கள்: வயிற்று உப்புசம், நாலு வாய் உண்டதுமே வயிறு நிறைந்துவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் அவசரம். எல்லாமே அஜீரணம் என்று ஒதுக்கிவிடக் கூடியவை. அறிகுறி இல்லாதவர்களிடம் இதை முன்கூட்டியே கண்டுபிடித்து உயிரிழப்பைக் குறைக்கும் பரிசோதனை இன்னும் கிடையாது. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் இரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் கொண்டு நடத்தப்பட்ட மாபெரும் ஆய்வின் 2021ஆம் ஆண்டு முடிவும் இதையே காட்டியது. ஆகவே, "என்ன, தட்டில் பாதி அப்படியே இருக்கிறது?" என்று தொடர்ந்து பல நாட்கள் கேட்கும் ஒருவர் உடனிருப்பது இந்த நோயில் சாதாரண விஷயமில்லை. என் சித்தி ஐந்து மாதங்கள் பாதி வயிற்றோடு எழுந்திருக்கிறார். அதைப் பார்க்க அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. நான் போனபோது அவருடைய ஆடைகளின் இடுப்புத் தையல்கள் பிரித்துத் தளர்த்தப்பட்டிருந்தன. வயிற்றில் நீர் கோத்திருந்தது.

சிகிச்சையிலும் இதே கதைதான். கீமோ ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை, கிருமிகளை எதிர்க்கும் இரத்த வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சித்திக்கு மூன்றாம் சுற்று முடிந்த பதினோராம் நாள் இரவு ஒன்றரை மணிக்கு 101.2 இருந்தது. தெர்மாமீட்டரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தபடியே, "இந்த நேரத்தில் யாரைத் தொந்தரவு செய்வது, விடியட்டும்" என்றார். தற்செயலாக அன்று நான் அங்கே தங்கியிருந்ததால் வண்டி பிடித்து அழைத்துச் சென்றேன். அடுத்த நாள் நான் ஊர் திரும்ப இருந்தவள். காய்ச்சல் ஓர் இரவு தள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை. அதற்குப் பிறகு அவர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். நோய் திரும்பி வந்தபோதுதான் அவரை இழந்தோம்.

உதவிக்கு ஆள் இருந்தால் போதும் என்றும் நான் எளிதாக முடித்துவிட விரும்பவில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மையாரின் கணவர் ஒரு கட்டணத்தைக்கூடத் தாமதித்தவரல்லர். மருந்துச் சீட்டை வாங்கிய மறுநிமிடம் மருந்துகள் வந்துவிடும். ஆனால் மருந்து சொட்டு சொட்டாக இறங்கும் அந்த ஐந்தாறு மணி நேரமும் அவர் வெளியே வராந்தாவில்தான் இருப்பார். அந்த அம்மையார் என் சித்தியின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார். சினைப்பைப் புற்றுநோய் கொண்ட 168 பெண்களை வைத்து அயோவா பல்கலைக்கழக உளவியலாளர் சூசன் லட்கெண்டார்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னர் படித்தபோது, இந்தக் காட்சிதான் நினைவுக்கு வந்தது. நெருக்கமான உறவு தமக்கு உண்டு என்று அதிகம் உணர்ந்த பெண்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். அன்றாட வேலைகளில் கிடைக்கும் உதவியின் அளவுக்கு அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. நெருக்கம் குறைந்த பாதிப் பேரின் இடைநிலை வாழ்நாள், அதாவது அவர்களில் சரிபாதியினர் கடந்து வாழ்ந்த காலம், 3.35 ஆண்டுகள்; நெருக்கம் மிகுந்த பாதிப் பேரில் 59 சதவீதத்தினர் 4.7 ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வு முடிந்தபோதும் உயிரோடு இருந்தார்கள். அந்த நெருக்கம் கணவரிடமிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. சகோதரியாகவோ, மகளாகவோ, தோழியாகவோ இருக்கலாம்.

இதில் ஒரு பகுதியை மருத்துவமனைகளே ஏற்பாடு செய்ய முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பெண் உறுப்புப் புற்றுநோய்கள் உட்பட, பரவிய நிலையில் இருந்த புற்றுநோய்களுக்குக் கீமோ பெற்ற 766 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றில், ஒரு பிரிவினர் தம் உடல் உபாதைகளைக் கணினி வழியே தொடர்ந்து தெரிவித்தார்கள். உபாதை கடுமையானால் செவிலியருக்கு உடனே தகவல் போகும். 2017இல் வெளியான முடிவின்படி, இவர்களின் இடைநிலை வாழ்நாள் 31.2 மாதங்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு 26 மாதங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று தவறாமல் கேட்டு, பதிலைக் காதில் வாங்கியதற்கு ஐந்து மாதங்கள்! புதிய மருந்து ஒன்று இவ்வளவு பலன் தந்திருந்தால் தலைப்புச் செய்தியாகியிருக்கும்.

சித்தியைச் சேர்த்த அன்று, பதிவு மேசையில் இருந்தவர் "கணவர் வரவில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றதும் படிவத்தில் அந்தக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். பேனா காகிதத்தில் அழுந்திய சத்தம்கூட எனக்கு நினைவிருக்கிறது. அவர் மீது குறை சொல்வதற்கில்லை. படிவம் அவ்வளவுதான் கேட்டது. திருமண நிலைக்குப் பக்கத்திலேயே, "இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பீர்கள்?" என்ற கேள்வியும் இருக்க வேண்டும். பதில் இல்லாதவர்களுக்கு, வெள்ளையணுக்கள் குறையும் அந்த ஒரு வாரத்தில் நாளுக்கொரு முறை செவிலியரோ பயிற்சி பெற்ற தன்னார்வலரோ தொலைபேசியில் பேச வேண்டும். நோயாளி தன் உறவினர் என்று யாரைக் காட்டுகிறாரோ, அவர் தோழியானாலும் பக்கத்து வீட்டுக்காரரானாலும், மருத்துவர் விளக்கம் தரும்போது உள்ளே அனுமதிக்க வேண்டும்.

தங்கள் கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமானால், தனியாகச் சிகிச்சை பெறும் பெண்களிடமும் அவர்களைக் கவனிக்கும் செவிலியர்களிடமும் பேசி எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, இக்கடிதத்தில் வேறு எதைச் சுருக்கினாலும், கீமோவுக்குப் பிந்தைய காய்ச்சலைப் பற்றிய அந்த வரிகளை மட்டும் சுருக்காமல் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி